வேலிக்கு மேலால் வந்த மூக்கு

ஓர் அரசாங்கத்தின் நித்திரையைக் கெடுத்த மனிதர் என்று நான் நேரில் கண்டது ஒரே ஒருவரைத்தான். அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம். மாரி மழையில் நனைந்த உடுப்போடு நிறுத்தாலும் நாற்பத்தெட்டுக் கிலோவைத் தாண்டமாட்டார். கையிலிருந்த ஆயுதம் ஒரு மைப்பேனை. அதுவும் அடிக்கடி ஒழுகும். எங்கள் பத்திரிகைக் கந்தோரில் அவருக்கு மூக்கண்ணை என்று பெயர். சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மூக்கண்ணை எங்கள் நாளிதழின் கேலிச்சித்திரக்காரர். நான் அங்கே ஒப்புநோக்குநர். அதாவது மற்றவர்களுடைய எழுத்துப்பிழைகளைப் பிடித்துப் பிடித்துத் தன் கண்ணைக் கெடுத்துக்கொள்பவள். ஒரே யன்னலின் இரண்டு பக்கத்திலும் எங்கள் இரண்டு மேசைகள். அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டே பதினான்கு வருடம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

அவர் ஆளை வரைவதில்லை. மூக்கைத்தான் வரைவார். மூக்கு சரியாக வந்துவிட்டால் கண், காது, வயிறு எல்லாம் தானாகப் பின்னால் வரும் என்பது அவருடைய கொள்கை.

"கண் பொய் சொல்லும் பிள்ளை. வாய் பிறந்ததிலை இருந்து பொய்தான் சொல்லுது. மூக்குத்தான் பாவம், நடுவிலை நிண்டு உண்மையைச் சொல்லிப்போடும்" என்பார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிருபர் ஒருவரை ஆசிரியர் கூட்டி வந்து அறிமுகப்படுத்தினார். மூக்கண்ணை பெயர் கேட்கவில்லை. தலையைச் சரித்து இரண்டு நிமிடம் பார்த்தார். "தேப்பன் கரவெட்டியோ?" என்றார். நிருபர் வாயைப் பிளந்தார். தகப்பனின் ஊர் கரவெட்டிதான்.

ஒரு கலியாணவீட்டில் பந்தியில் இருந்துகொண்டே பெண்ணின் தகப்பனிடம், "மாப்பிள்ளையின்ரை மூக்கு எனக்குப் பிடிக்கேல்லை. ஆள் கடைசிவரைக்கும் தாய் சொல்லுறதைத்தான் கேப்பான்" என்று சொல்லிவிட்டார். தாலி ஏறி அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் பாயசக் கிண்ணத்தோடு எழுந்து போய்விட்டார். எட்டு மாதம் கழித்து அவரே எங்கள் கந்தோருக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் மேசையில் கிடந்த, கோடு போடும் அடிமட்டத்தைக் கையில் எடுத்தேன். அவரோ கதிரையில் சோர்ந்துபோய் இருந்து, "அண்ணை, இளையவளுக்கு ஒரு இடம் பேசி வந்திருக்கு. ஒருக்கா வந்து மூக்கைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

இதெல்லாம் பகிடி. ஆனால் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூக்கு வரைந்து பிழைப்பது பகிடியான வேலை அல்ல. சுடத் துவக்கு வைத்திருந்த எல்லாரும் ஒவ்வொரு காலத்தில் மூக்கண்ணையில் கோபப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அதில் அடக்கம். துவக்கு இல்லாதவர்கள் தொலைபேசியில் கோபப்படுவார்கள். எங்கள் அரசியல்வாதி ஒருவர் ஒருநாள் காலமை ஏழு மணிக்கே எடுத்து, "ஐசே, என்ரை மூக்கு உவ்வளவு பெரிசோ?" என்று கத்தினார்.

மூக்கண்ணை மிகவும் பணிவாக, "இல்லை ஐயா. பெட்டியிலை இடம் காணாததாலை குறைச்சுத்தான் கீறினனான்" என்றார்.

இப்படிப்பட்டவரை ஒரு கிணறுதான் மாட்டிவிட்டது.

வலிகாமத்தின் வடக்குக் கரையில் ஒரு துண்டுக் காணியை விடுவிக்கப்போவதாகப் பெரிய விழா எடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவ முகாமுக்குள் கிடந்த சனத்தின் காணி. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதாமலே என்ன நடந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன். பந்தல், மேளம், மாலை, பேச்சு எல்லாம் இருந்தது. மூக்கண்ணையும் சைக்கிளில் போய்ப் பின்வரிசையில் இருந்து பார்த்தார். உறுதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு தன் வளவுக்குள் போன ஒரு பெண், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அங்கே நின்ற அதிகாரியிடம், "ஐயா, காணியைத் தந்தியள். கிணத்தைக் காணேல்லை" என்றாளாம். கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலி இன்னும் முகாமின் வேலி.

"அது பேந்து பாப்பம்" என்று அதிகாரி தள்ளிப்போட்டாராம்.

மூக்கண்ணை கந்தோருக்குத் திரும்பி வந்தபோது சேட்டு முதுகு முழுக்க வியர்வை. தேத்தண்ணியைத் தொடவில்லை. ஒரே மூச்சில் வரைந்தார். முள்ளுக்கம்பி வேலி. அந்தப் பக்கம் கிணறு. இந்தப் பக்கம் வெறும் வாளியோடு ஒரு பெண். வேலிக்கு மேலால் ஒரு நீண்ட மூக்கு மட்டும் வருகிறது. அந்த மூக்கின் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு அவளுடைய வாளிக்குள் விழுகிறது. படத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. எனக்கு ஒப்புநோக்க எதுவும் இருக்கவில்லை. சிரித்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பொலிசிலிருந்து கடிதம் வந்தது. கொழும்புக்கு விசாரணைக்கு வரவேண்டுமாம். எழுத்தே இல்லாத ஒரு படத்தைப் பற்றி, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மனிதருக்கு, முழுக்க முழுக்கச் சிங்களத்தில் ஒரு கடிதம். அப்பாவின் உத்தியோகத்தால் நான் அனுராதபுரத்தில் வளர்ந்தவள்; கந்தோரில் சிங்களம் வாசிக்கக்கூடியவள் நான் மட்டும்தான். ஆசிரியர் என்னையும் சேர்த்து ரயில் ஏற்றிவிட்டார்.

அங்கே அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் லீவு. ஆகவே என்னையே உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. மிகவும் மரியாதையான மனிதர். கதிரை தந்தார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு படத்தை வைத்து, "இது யாருடைய மூக்கு?" என்றார். மொழிபெயர்த்தேன்.

"பிள்ளை, ஐயா ஆற்றை மூக்கெண்டு நினைக்கிறார் எண்டு கேள்."

"கேள்வி கேட்பது நான்" என்றார் அதிகாரி.

"அப்ப ஐயாவுக்குத் தெரியாதோ?"

"எனக்கு நன்றாகத் தெரியும்."

"அப்ப ஐயாவே எழுதட்டுமன். நான் ஒண்டும் மறிக்கேல்லை."

அதிகாரி பேனையை எடுத்தார். தாளில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். அந்த அறிக்கை மேலே மேலே போய்க் கடைசியில் யாருடைய மேசைக்குப் போகும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் இந்த மூக்கு உங்களுடையதுதான், பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டேன் என்று எந்த உத்தியோகத்தர் எழுதிக்கொடுப்பார்? நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வசனம் எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததை அப்படியே வாசித்தேன். 'உயர்ந்த மனிதர் ஒருவருடையது என்று சந்தேகிக்கப்படும் மூக்கு.'

"சரி. அதிலிருந்து விழுவது என்ன?"

"தண்ணி."

"என்ன தண்ணீர்?"

"தடிமன் பிடிச்சால் வாற தண்ணி."

மொழிபெயர்த்தேன். பக்கத்தில் நின்ற கொன்ஸ்தாபிளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவரை வெளியே போகச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகு அந்த அறையில் பகிடி முடிந்துபோனது.

அடுத்த ஐந்து மணித்தியாலம் அவர்கள் மூக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மகள் எந்த நாட்டில், எந்தத் தெருவில் இருக்கிறாள்? மனுசி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்? இதை வரையச் சொன்னது எந்த இயக்கம்? வீட்டுக்கு எத்தனை வாசல்? எத்தனை மணிக்கு வேலை முடியும், எந்த றோட்டால் வீட்டுக்குப் போவார்? எல்லாவற்றையும் அந்த மரியாதையான மனிதர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு கேள்வியையும் என் வாயால் நானே அவரிடம் கேட்கவேண்டி இருந்தது. அந்தக் கேவலம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. மூக்கண்ணை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

கடைசியில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டி ஒப்பமிடச் சொன்னார்கள். "வாசி பிள்ளை" என்றார். வாசித்தேன். இனங்களுக்கிடையே பகையை மூட்டும் நோக்கத்தோடுதான் வரைந்தேன் என்று அவர் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தது. ஒரு பெண் தன் கிணற்றைக் கேட்டாள், அது இனப்பகையாம்.

"நான் உப்பிடிச் சொன்னனானோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஐயாட்டைச் சொல்லு. உதிலை ஒரு பிழை கிடக்கு, திருத்தித் தந்தால் ஒப்பம் வைப்பன். எங்கடை கந்தோரிலையும் அப்பிடித்தான்."

திருத்தவில்லை. அவர் ஒப்பமும் வைக்கவில்லை. கைத்தொலைபேசியைப் பறித்துக்கொண்டு எங்களை விட்டார்கள். வாசல்வரை வந்த அதிகாரி, "வயது போன காலத்தில் றோட்டில் பார்த்துப் போகச் சொல்லுங்கள்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

மூன்று கிழமை போனது. பின்னேரம் நாலேமுக்கால், பட்டப்பகல். மூக்கண்ணை சைக்கிளில் கோப்பாய்க்கு, தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கோப்பாய்ச் சந்திக்குக் கொஞ்சம் இங்கால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து குறுக்கே நின்றது. கறுப்புத் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர். ஒருவன் அவரைப் பிடித்து மதகுக் கட்டின் மேல் இருத்தினான். மற்றவன் இரும்புக் குழாயால் அடித்தான். தலையில் அடிக்கவில்லை. காலில் அடிக்கவில்லை. சைக்கிளை ஒன்றும் செய்யவில்லை. வலது கையை அந்தக் கட்டின் மேல் வைத்து, அதை மட்டும் அடித்தார்கள். யாரோ வடிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முடிந்ததும் அடித்தவன் கவசக் கண்ணாடியைப் பாதி உயர்த்தி, "இனிக் கீறுவியோ?" என்று கேட்டான். சுத்தமான எங்கடை தமிழில் கேட்டான். அது அடியைவிட நொந்தது என்று மூக்கண்ணை பிறகு சொன்னார்.

சுற்றிவர நின்ற பத்துப் பதினைந்து பேரும் அந்த ஒரு நிமிடம் நிலத்தில் எதையோ தேடிக் குனிந்திருந்தார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது பக்கத்துக் கடைக்காரர், "நான் உள்ளுக்கை சாமான் அடுக்கிக்கொண்டு நிண்டனான் ஐயா" என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. மோட்டார் சைக்கிள் போன கையோடு ஓடிவந்து தன் துவாயால் அந்தக் கையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஏற்றியவரும் அவர்தான். ஒரு முழுச் சந்தியையும் குனிய வைக்கக்கூடிய பயத்தை வருடக்கணக்காக வளர்த்தவர்களில்தான் என் கோபம். அது இன்றுவரை ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கு வாக்குமூலம் எடுக்க வந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "சைக்கிளிலை இருந்து விழுந்தனீங்களோ?"

"ஓம். விழுந்து, எழும்பி, பேந்து நானே ஒரு இரும்புக் குழாயை எடுத்து எனக்கு அடிச்சனான்" என்றார் மூக்கண்ணை.

"அடிச்ச ஆக்களின்ரை முகம் தெரிஞ்சதோ?"

"முகம் தெரியேல்லை."

"அப்ப நாங்கள் என்னெண்டு பிடிக்கிறது?" அவர் புத்தகத்தை மூடினார்.

"மூக்குத் தெரிஞ்சது" என்றார் மூக்கண்ணை.

கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் இடது கையால் வரைந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி மணியக்கா அட்டையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் சின்னப்பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கிய ரீச்சர் அவர். "அமத்தாதேங்கோ. மெல்ல. ஓம், அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே கண்ணீரைத் தோளில் துடைத்தார். கோடு நடுங்கியது. ஆனால் மூக்கு வந்தது. நடுவில் ஒரு பழைய உடைவு, இடது பக்கம் ஒரு சரிவு, நாசியில் ஒரு தழும்பு. பொலிஸ்காரர் அதை வாங்க மறுத்துவிட்டார். மூக்கை வைத்து முறைப்பாடு எழுதச் சட்டத்தில் இடம் இல்லையாம். இதே நாட்டில் ஒரு மூக்கை வைத்து ஒரு மனிதரை ஆறு மணித்தியாலம் விசாரிக்க இடம் இருந்தது.

எங்கள் ஆசிரியர் பயந்த சுபாவமுள்ளவர். ஒரு வசனத்துக்கு மூன்று முறை 'எனக் கூறப்படுகிறது' போடுகிறவர். அன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ, அந்த மூக்கை முதற்பக்கத்தில் பெரிதாகப் போட்டார். கீழே, 'இந்த மூக்கைக் கண்டவர்கள் அறியத்தரவும்.'

அடுத்த ஒரு கிழமை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மற்றவரின் கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை. பஸ்ஸில், சந்தையில், கோயில் தேரடியில் எல்லாரும் மூக்கைப் பார்த்தார்கள். கொரோனாக் காலத்து மாஸ்க்குகளைச் சிலர் மீண்டும் தேடி எடுத்தார்கள். அளவெட்டியில் இருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வேட்டி சால்வையோடு கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். மூக்கில் உடைவு, இடது பக்கச் சரிவு.

"தங்கச்சி, வடிவாப் பாருங்கோ. தழும்பு இல்லை. அண்டைக்குப் பின்னேரம் நான் கலியாணவீட்டிலை ஊதிக்கொண்டிருந்தனான். முந்நூறு பேர் சாட்சி. இதைப் பேப்பரிலை போடுங்கோ. என்ரை தவில்காரனே என்னை ஒரு மாதிரிப் பாக்கிறான்" என்றார். போட்டோம்.

பிறகு ஒருவர் பெயர் சொல்லாமல் தொலைபேசி எடுத்தார். அந்த மூக்கு எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கும், யாருடைய வாகனத்தில் வந்து இறங்கும் என்று சொன்னார். நாங்கள் அதை அப்படியே எழுதிப் பொலிசில் கொடுத்தோம். இரண்டாம் நாள் பொலிஸ் வந்தது, எங்களைத் தேடி. அடையாளம் தெரியாத ஒரு மனிதரின் மூக்கை அவதூறு செய்தோமாம்.

"அது ஆற்றை மூக்கெண்டு சொல்லுங்கோ, மன்னிப்புக் கேக்கிறம்" என்றார் ஆசிரியர்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வந்த வழியே போய்விட்டார்கள். அந்த மூக்கும் அந்தக் கடைக்கு மறுபடி வரவில்லை. இன்றுவரை ஒருவரும் கைதாகவில்லை. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். அந்தப் பெண் இன்னும் பக்கத்து வளவில்தான் தண்ணீர் அள்ளுகிறாள்.

மகள் வெளிநாட்டுக்கு வரச்சொல்லி அழுதாள். மூக்கண்ணை போகவில்லை. மூன்று மாதம் கழித்து, விரல்கள் மடியாத கையைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு கந்தோருக்கு வந்து நின்றார். பத்திரிகையின் உரிமையாளர் அவரைக் கூப்பிட்டு, "அண்ணை, இனி அரசியல் வேண்டாம். பொதுவா ஏதாவது கீறுங்கோ. டெங்கு, நுளம்பு, அப்பிடி" என்றார். அவரும் பயந்துதான் சொன்னார்.

"ஓம்" என்றார் மூக்கண்ணை. பிள்ளையாரைப் போல இருந்து நாள் முழுக்க இடது கையால் ஒரு நுளம்பு வரைந்தார். ஆசிரியர் பார்த்தார், நுளம்புதான். உரிமையாளர் பார்த்தார், நுளம்புதான். என்னிடம் வந்தது. நான் பதினான்கு வருடம் அவரோடு இருந்தவள். நுளம்பின் நீண்ட மூக்கைப் பார்த்தேன். வேலிக்கு மேலால் வந்த அதே மூக்கு. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனையை எடுத்து, 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதி ஒப்பம் வைத்தேன்.

அடுத்த நாள் குடாநாடு முழுக்கச் சிரித்தது. அன்று பின்னேரத்திலிருந்துதான் நான் ஒரு வேலை தொடங்கினேன். மூக்கண்ணை சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினால் ஐம்பது மீற்றர் பின்னால் என் ஸ்கூட்டியில் நானும் போவேன். என் வீடு கோப்பாயையும் தாண்டி நீர்வேலியில் இருப்பதால் அவருக்குச் சந்தேகம் வராது என்று நினைத்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். கத்தியிருப்பேன். ஒரு சந்தி குனிந்தாலும் ஒருத்தியாவது நிமிர்ந்து கத்தவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். சைக்கிள் வேகத்தில் ஸ்கூட்டி ஓட்டிப் பாருங்கள், சர்க்கஸ்காரருக்கும் கஷ்டம். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் தன் வீட்டுப் படலைக்குள் போனதைக் கண்ட பிறகுதான் நான் வேகம் எடுப்பேன்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் எனக்குக் காய்ச்சல் வந்து, மூக்கண்ணை சாப்பிடப் போயிருந்த நேரம் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னேரம் ஐந்தேமுக்காலுக்குக் கந்தோர்க் காவலாளி தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, மூக்கண்ணை ஒரு மணித்தியாலமா கேற்றடியிலை நிக்கிறார். போங்கோ எண்டாலும் போறாரில்லை."

நான் பின்னால் வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனியப் போகப் பயந்துபோய் நிற்கிறார். "அவரட்டைக் குடுங்கோ" என்றேன்.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலை அண்ணை, காய்ச்சல்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே? உன்னை அந்த றோட்டாலை தனிய விட்டிட்டு என்னெண்டு நான் போறது? ஒவ்வொரு நாளும் பாவம், பயந்து பயந்து என்ரை பின்னாலை வாறாய். சொல்லக் கூச்சப்படுறாய் எண்டுதான் நானும் கேக்கேல்லை. சரி, படு. கொத்தமல்லி அவிச்சுக் குடி."

நாலாம் நாள் வேலைக்குப் போனேன். பின்னேரம் அவர் கேற்றடியில் சைக்கிளோடு நின்றார். என்னைப் பார்க்காததுபோல ஏறி, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உழக்கத் தொடங்கினார், வழமையைவிட மெதுவாக. காய்ச்சல் விட்டு எழும்பினவளுக்கு எதிர்க்காற்றுக் கூடாது என்று நினைத்திருப்பார். நான் அவரை முந்தவில்லை. இன்றைக்கும் முந்துவதில்லை.